அண்ணா வாங்கின மணிக்கூடு

அண்ணா கட்டாரிலிருந்து லீவில் வந்த மூன்றாம் நாள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, "கொழும்புக்கு ஒருக்கா போகவேணும், நீயும் வா" என்றார். என்ன விசயம் என்று கேட்டதற்குப் போனில் ஒரு படத்தைக் காட்டினார். கறுப்பு முகம், உருக்குப் பட்டி, திருகக்கூடிய வளையம். சுவிஸ் மணிக்கூடு. விலை ஒன்பது இலட்சம் சொச்சம்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திருகோணமலையில் மணிக்கூடு வாங்குவதென்றால் என்னவென்று எங்கட ஊர் ஆக்களுக்குத் தெரியும். கடைவீதியில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கசியோ, சிட்டிசன், பேர் தெரியாத சீனச் சாமான் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கடைக்காரர் பற்றரியைப் போட்டு, பட்டியில் இரண்டு கண்ணியைக் கழற்றி, காதில் ஒருக்கா வைத்துப் பார்த்து, "ஆறு மாசத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லித் தருவார். அதுதான் வரண்டி. நாலு வருசம் கழித்துப் போனாலும் அதே மனுசன் அதே கதிரையில் இருப்பார்.

ஒன்பது இலட்சத்து மணிக்கூடு அப்படி வாங்குகிற சாமான் இல்லை. அதற்கென்று கொழும்பில் பூட்டிக் இருக்கிறது. அங்கே நாங்கள் இருந்தது ஒன்றரை மணித்தியாலம்தான். அதைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருப்பது மாதக்கணக்கில். ஆடம்பர மணிக்கூடு வாங்குவது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்தக் கதவுக்கு உள்ளே போனால் உண்மையில் எதை விற்கிறார்கள், நாங்கள் எதை வாங்குகிறோம் என்பதைக் கதைக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இரவு பஸ்ஸில் போய் விடியக் கொழும்பில் இறங்கினோம். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் குளித்து, அண்ணா புதுச் சேர்ட்டும் சப்பாத்தும் போட்டார். நான் செருப்போடு வெளிக்கிட்டேன். "சப்பாத்துப் போடன்டா" என்றார். "மணிக்கூடு கையிலதானே கட்டுறது" என்றேன். கடைக் கதவடியில் நின்ற காவலாளி முதலில் என் காலைத்தான் பார்த்தார். பிறகு அண்ணாவின் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

உள்ளே குளிர். சத்தமே இல்லை. மணிக்கூட்டுக் கடைதான், ஆனால் சுவரில் நேரம் காட்டும் ஒரு மணிக்கூடும் இல்லை. எந்தச் சாமானிலும் விலை எழுதியில்லை. விலை கேட்கிற ஆளாக இருந்தால் அந்த விலைக்குரிய ஆள் இல்லை என்பதுபோல ஒரு ஏற்பாடு. ஒரு பிள்ளை வந்து ஆங்கிலத்தில் வரவேற்று, எங்களை மெத்தைக் கதிரையில் இருத்தி, தண்ணியா கோப்பியா ஜூஸா என்று கேட்டாள். நான் தேசிக்காய் ஜூஸ் கேட்டேன். அண்ணா ஒன்றும் வேண்டாம் என்றார். ஏதாவது குடித்தால் அதையும் பில்லில் போட்டுவிடுவார்கள் என்று பயந்ததாகப் பிறகு சொன்னார்.

பக்கத்துப் பெட்டியில் இன்னொரு மணிக்கூடு இருந்தது. இன்ஸ்டகிராமில் எல்லாரும் கட்டுகிற பிராண்ட். நான் அதைக் காட்டி, இது எவ்வளவு என்று கேட்டேன். அது காட்சிக்கு மட்டும் என்றாள். விற்பதற்கு இல்லை. பெயரைப் பதிந்துவிட்டுப் போகலாம், வந்தால் கூப்பிடுவார்கள், எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. முந்தி எங்களிடம் ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்டாள். உலகம் முழுக்கப் பெரிய பிராண்டுகள் சிலதின் நடைமுறை இப்போது இப்படித்தான். காசு இருந்தால் மட்டும் போதாது, தகுதியும் வேண்டும். அந்தத் தகுதியை எப்படி எடுப்பது என்றால், அதே கடையில் வேறு சாமான்கள் வாங்கித்தான்.

அண்ணாவுக்கு வேண்டியது இருந்தது. கறுப்புக் கையுறை போட்டு, தோல் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அண்ணா கையில் கட்டிப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளை வந்து போனது, பொய் சொல்லக்கூடாது. பிறகு படிவம் நிரப்பினார்கள். பெயர், முகவரி, போன் நம்பர். "உங்களுடைய தொழில் சேர்?"

"எஞ்சினியர்" என்றார் அண்ணா.

அண்ணா எஞ்சினியர் இல்லை. எரிவாயு ஆலை ஒன்றில் சாரம் கட்டும் பிரிவில் சுப்பவைசர். முதல் ஐந்து வருசம் சுப்பவைசரும் இல்லை. ஐம்பது பாகை வெயிலில் குழாய் தோளில் சுமந்து ஏறினவர். ஒன்பது வருசம், நூற்றெட்டு மாதம், மாதம் எட்டாயிரத்துச் சொச்சம் ரூபா என்று கணக்குப் போட்டுச் சேர்த்த காசு அது. கூட இருந்தவர்கள் சிகரெட் பத்தினார்கள், நான் பத்தவில்லை, அவ்வளவுதான் என்பார். அந்த வேலையில் வந்த காசைக் கொடுத்து வாங்குகிற இடத்தில் அந்த வேலையின் பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்கள் எண்டு. கன நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த இடத்தில வேற என்ன சொல்லுறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவியைப் பற்றிக் கதைப்போம். நேரம் காட்டும் சாமானாகப் பார்த்தால் அண்ணாவின் மணிக்கூடு எங்கள் கடைவீதி கசியோவிடம் தோற்றுப்போகும். இது கருத்து இல்லை, கணக்கு. சுவிஸில் அதிகாரபூர்வமாகச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் இயந்திர மணிக்கூடு ஒன்று ஒரு நாளைக்கு 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். அது தரமான எல்லை. சாதாரண குவாட்ஸ் மணிக்கூடு ஒரு மாதத்துக்கே ஏறத்தாழ 15 செக்கன்தான் பிசகும். ஏனென்றால் அதற்குள் இருக்கும் பளிங்குத் துண்டு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. இயந்திர மணிக்கூட்டின் சக்கரம் செக்கனுக்கு எட்டுத் தடவை அடித்தாலே கெட்டிக்காரச் சக்கரம்.

இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சீக்கோ. 1969 டிசம்பர் 25 அன்று அஸ்ட்ரோன் என்ற பெயரில். வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு அதன் விலை ஒரு சின்னக் காரின் விலை. குவாட்ஸ்தான் அப்போது ஆடம்பரம்! பத்துப் பதினைந்து வருசத்துக்குள் அது மலிந்து எல்லார் கைக்கும் வந்தது. சுவிஸ் தொழில் சரிந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த துறையில் 1980களின் நடுவில் முப்பதாயிரம் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு வழியில் எழும்பினார்கள். ஒன்று, 1983இல் வந்த சுவாட்ச், மலிவு பிளாஸ்டிக். மற்றது, இயந்திர மணிக்கூட்டை நேரம் காட்டும் கருவியாக விற்பதை விட்டுவிட்டு, பாரம்பரியமாக, கைவினையாக, கௌரவமாக விற்பது. இன்றைக்கு நாங்கள் பூட்டிக்கில் பார்ப்பது அந்த இரண்டாவது வழியை.

பாரம்பரியம் என்றால் யாருடைய பாரம்பரியம்? கடையில் எங்களுக்குத் தந்த வழவழப்பான புத்தகத்தில் ஒரே கடல். கப்பல், நீல ஆழம், சுழியோடி. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் உட்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்.

மணிக்கூட்டுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு பொய்யில்லை, பெரிய உண்மை. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று தெரிய, புறப்பட்ட இடத்தின் நேரம் கையில் இருக்கவேண்டும். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை திரும்புகிறது. நீ நிற்கும் இடத்தின் உச்சி வேளைக்கும் கிறீனிச் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உன்னுடைய நெடுங்கோடு. அதற்கு ஆடும் கப்பலிலும் பிசகாத மணிக்கூடு வேண்டும். அதைச் செய்து காட்டியவர் ஜோன் ஹாரிசன் என்ற ஆங்கிலேயத் தச்சர். எஞ்சினியர் இல்லை, தச்சர். அவரின் நாலாவது கருவி 1761இல் ஜமெய்க்காவுக்குப் புறப்பட்ட 81 நாள் பயணத்தில் ஏறத்தாழ 5 செக்கன்தான் பிசகியது. அதற்குரிய பரிசுக் காசைத் தருவதற்கு இங்கிலாந்தின் பெரிய மனிதர்கள் அவரை வருசக்கணக்கில் இழுத்தடித்தார்கள்.

எங்கள் ஊரின் நெடுங்கோடு கிழக்கு 81 பாகை சொச்சம். சூரியக் கணக்குப்படி நாங்கள் கிறீனிச்சுக்கு 5 மணித்தியாலம் 25 நிமிடம் முன்னே நிற்கிறோம். இப்போது ஒரு விளையாட்டுக் கணக்கு. அண்ணாவின் மணிக்கூடு நாளுக்கு 6 செக்கன் முந்தினால் மாதத்துக்கு 180 செக்கன். 180 செக்கன் என்றால் முக்கால் பாகை, எங்கள் பக்கத்தில் 80 கிலோமீற்றருக்கு மேல். நாளுக்கு எவ்வளவு பிசகும் என்று முதலே அளந்து கழித்துவிடுவது மாலுமிகளின் வழக்கம். அப்படிக் கழிக்காமல் ஒன்பது இலட்சத்தை அப்படியே நம்பிக் கப்பல் ஓட்டினால், துறைமுகத்தில் நிற்கிற கப்பல் கணக்கில் வவுனியாவில் நிற்கும்.

அந்த நீலப் புத்தகத்தில் இன்னொரு வருசம் பெரிதாகப் போட்டிருந்தது, 1953. பிளான்பான், ரோலெக்ஸ் இரண்டும் சுழியோடிகளுக்கான மணிக்கூட்டை அந்தக் காலத்தில்தான் கொண்டுவந்தன. திருகும் வளையம் அழகுக்கு இல்லை. தண்ணிக்குள் இறங்கின நிமிடத்தைக் குறித்துவைக்க. ஆழத்தில் கூட நேரம் நின்று கெதியாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழாகி ஆளை முடமாக்கும், கொல்லவும் செய்யும். அந்த வளையம் உயிர்க்கணக்கு. அதே 50களில்தான், 1956இல், ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் எங்கள் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கீசர் 1624இல் இடித்துத் தள்ளின கோணேசர் கோயிலின் கற்களைக் கடலுக்கடியில் பார்த்தார்கள். அந்தப் படங்களில் வரும் உலகம் எங்களுக்கு வெளியூர் இல்லை.

ஆனால் இன்றைக்கும் எங்கள் கரையில் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற பெடியள் இருக்கிறாங்கள். நிமிடம் பிசகினால் உடம்பு போகிற தொழில். அவங்கள் கையில் அந்த வளையம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடு இருந்தால் பெரிய விசயம். நிமிடம் முக்கியமானவனிடம் அது இல்லை, அதைக் கட்டியிருப்பவர் பெரும்பாலும் நீச்சல் குளத்துக்கும் இறங்கமாட்டார். இதைச் சொன்னதும் "அப்ப அண்ணா வாங்கினது பிழை" என்று முடித்துவிடாதேங்கோ. ஒரு தொழிலின் வியர்வையை உரித்து எடுத்து, படத்தை மட்டும் வைத்து விற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1927இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயத் தட்டெழுத்துப் பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைச் சிலர் நம்பாததால் திரும்பவும் நீந்த இறங்கினபோது ரோலெக்ஸ் நிறுவனம் ஒரு மணிக்கூட்டை அவரிடம் கொடுத்தனுப்பியது. இரண்டாம் தடவை குளிரில் அவரால் முடிக்க ஏலவில்லை. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. இன்றைக்கும் அந்தக் கதை மணிக்கூட்டை விற்கிறது.

எங்களிடமும் நீந்தினவர்கள் இருந்தார்கள். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பியும் நீந்தினார். 1984இல் அதே ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிரை விட்டார். இவர்களின் பெயரில் எந்தப் பூட்டிக்கிலும் ஒரு வரி இல்லை. எங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும் என்றும் எனக்குச் சந்தேகம்தான். கதையை விற்கத் தெரிந்தவனுக்குத்தான் பாரம்பரியம் சொந்தம் என்று ஆகிவிட்டது.

சரி, கருவி இல்லை. முதலீடு? கடைக்குப் போக முந்தியே அண்ணாவின் கூட்டாளிமார் வட்சப்பில் அனுப்பினது இதுதான். "மச்சான், இதுக்கு விலை இறங்காது." 2022இன் தொடக்கத்தில் பெரிய பிராண்டுகளின் பழைய மணிக்கூடுகள் கைமாறும் சந்தையில் விலை உச்சத்துக்குப் போனது உண்மை. அதே வருசம் சரியத் தொடங்கியதும் உண்மை. காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கும் ஒரு சில மாடல்களைத் தவிர, அநேகமான சுவிஸ் மணிக்கூடுகள் கடைக்கதவைத் தாண்டின உடனேயே விலை இறங்கும், புதுக் கார் மாதிரி.

அதே 2022இல் எங்கள் வீடுகளில் நடந்தது வேறு. ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிக் கட்ட ஏலாது என்று அறிவித்தது. இருநூறு ரூபாவுக்கு இருந்த டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் முந்நூற்றறுபதுக்குப் போனது. பால்மாவுக்கும் காஸுக்கும் எண்ணெய்க்கும் நிரையில் நின்றபோது எங்கள் வீட்டைத் தாங்கியது அம்மாவின் சங்கிலி. வங்கி அடகுக்கு நிரை, வாசல் தாண்டி வெளியே நின்றது. தங்கத்தைக் கொண்டுபோனால் அடகுக்காரர் உரசிப் பார்த்துக் காசைத் தருவார், உன்னுடைய தொழிலைக் கேட்கமாட்டார். அண்ணாவின் மணிக்கூட்டை எங்கள் ஊர் அடகுக் கடையில் வைத்தால் உருக்கு விலைகூடக் கிடைக்காது. ஆகவே முதலீடு என்ற கதையை விடுங்கோ. அந்தச் சொல்லால் எங்களை நாங்களே ஏமாற்றிக்கொள்கிறோம்.

ஆனால் அம்மாவோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அண்ணா மணிக்கூட்டைக் காட்டினபோது அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "இந்தக் காசுக்கு எத்தனை பவுண் வாங்கியிருக்கலாம்" என்றா. மாமி வந்து, "வெளிநாட்டுக் காசு, திமிர்" என்றா. இதே மாமி தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம், ட்ரோன் கமெரா, பல்லக்கு என்று செலவழித்தது ஒன்பது இலட்சத்துக்குக் கூட. அதை ஒருவரும் திமிர் என்று சொல்லவில்லை. ஊருக்குச் செய்தால் கடமை, தனக்குச் செய்தால் பகட்டு. தங்கச்சியின் கல்யாணத்துக்கு அனுப்பினது, வீட்டுக்கு மேல்மாடி போட்டது, அப்பாவின் கண் சத்திரசிகிச்சை, என்னுடைய படிப்பு, எல்லாம் அண்ணாவின் தோளில் வந்த காசு. ஒன்பது வருசத்தில் அவர் தனக்கென்று வாங்கின ஒரேயொரு சாமானுக்கு நாங்கள் வீட்டுக்குள் வழக்கு வைத்தோம். முதலில் சிரித்தது நான். அதற்கு வெட்கப்படுகிறேன்.

இனி அப்பாவின் மணிக்கூடு. எண்பதுகளில் சவூதிக்குப் போன பெரியப்பா கொண்டுவந்து கொடுத்த சிட்டிசன். அப்பா படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் எண்ணெய் பட்டுப் பட்டு முகம் மஞ்சளாகிவிட்டது. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு, உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க என்று நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். அதிலிருந்து பத்து வருசம் இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, பழைய நேரத்திலேயே இருந்தன. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு நேரம். சமாதான காலத்தில் அப்பா எஞ்சின் திருத்தக் கொட்டியாரக் குடாவைத் தாண்டிச் சம்பூர்ப் பக்கம் போய்வருவார். பட்டினத்தில் ஒன்பது மணி என்றால் அங்கே எட்டரை.

அப்பா மணிக்கூட்டைத் திருப்பவே இல்லை. பழைய நேரத்தில் விட்டுவிட்டு, பட்டினத்தில் நிற்கும்போது மனதுக்குள் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்வார். அரசியலா என்று கேட்டால், "சும்மா சும்மா திருகினா திருகி தேஞ்சுபோம்" என்பார். 2006 ஏப்ரல் புத்தாண்டோடு அரசாங்கம் நேரத்தைப் பழையபடி மாற்றியது. நாடே அப்பாவின் மணிக்கூட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த வருசத்தின் மிச்சத்தைச் சம்பூர் ஆக்களிடம் கேளுங்கோ, அது வேறு கதை.

அந்தச் சிட்டிசனுக்கு விலை இல்லை என்று கவிதையாகச் சொல்லப்போவதில்லை. விலை உண்டு, ஐயாயிரம் கூடப் போகாது. ஆனால் அதற்கு அப்பாவிடம் ஒருவரும் தொழில் கேட்டதில்லை.

என்னுடைய கருத்து இதுதான். அந்தக் கடை விற்பது நேரத்தை இல்லை, முதலீட்டை இல்லை, கடலையும் இல்லை. மரியாதையை விற்கிறது. கதிரை தருவது, சேர் என்று கூப்பிடுவது, அவசரப்படாமல் உன்னோடு கதைப்பது, உன் கையை இரண்டு கையாலும் பிடித்து மணிக்கூடு கட்டிவிடுவது. விமான நிலையத்தில், தூதரக ஜன்னலில், கச்சேரியில், ஆஸ்பத்திரியில் ஒன்பது வருசமாக அண்ணாவுக்குக் கிடைக்காத எல்லாம் அங்கே ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிடைத்தது. சும்மா கிடைக்கவேண்டிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்கவேண்டி வந்ததில்தான் எனக்குக் கோபம். அதிலும் அந்த மரியாதை அண்ணாவுக்கு வரவில்லை. படிவத்தில் இருந்த எஞ்சினியருக்குத்தான் போனது.

மணிக்கூடு கட்டிவிட்ட பிள்ளைக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாங்கள் எங்களுக்குள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, மேலாளர் அங்கால போனதும் தமிழுக்கு மாறினாள். பதுளைப் பக்கம். அவள் கையிலும் ஒரு அழகான மணிக்கூடு இருந்தது. நல்லாயிருக்கு என்றேன். "கடையில கட்டச் சொல்லித் தந்தது. போகேக்க கழட்டிக் குடுத்திட்டுப் போவன்" என்றாள். அவள் தமிழில் கதைத்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் அண்ணா முதல் தடவையாகக் கதிரையில் சாய்ந்து இருந்தார். அந்த ஐந்து நிமிடத்துக்கு விலை போட முடியாது, அது கடையின் சாமானும் இல்லை.

வாங்க ஆசை இருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, மறைக்காமல் சில விசயம். கடன்பட்டோ தவணையிலோ வாங்காதேங்கோ. எந்த மாடல், எவ்வளவு என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கோ. கதிரையில் இருந்தபிறகு புத்தி மாறும். வரண்டி அட்டையில் உள்ள தொடரிலக்கமும் மணிக்கூட்டில் உள்ளதும் ஒன்றா என்று அங்கேயே பாருங்கோ. இயந்திர மணிக்கூட்டுக்குச் சில வருசத்துக்கு ஒருக்கா முழுச் சேர்விஸ் வேண்டும், அதன் செலவுக்கு எங்கள் ஊரில் ஒரு பெட்டி நிறைய மணிக்கூடு வாங்கலாம். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கோ. திருப்பி விற்றால் என்ன வரும் என்று யோசித்தாலே நித்திரை வராது என்றால், வாங்காதேங்கோ. இவ்வளவும் பார்த்த பிறகும் வேண்டும் என்றால், ஒருத்தருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. தொழில் கேட்டால் உங்கட தொழிலைச் சொல்லுங்கோ. சாரம் கட்டுறன், மீன் ஏத்துறன், வீடு துப்புரவாக்கிறன் என்று சொல்லுங்கோ. முகம் மாறினால் எழும்பி வாங்கோ, காசு உங்கட சட்டைப் பையிலதான் இருக்கு.

அண்ணா திரும்பிப் போக முந்தின இரவு அப்பா மணிக்கூட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, விளக்கடியில் கன நேரம் பார்த்தார். "நேரம் சரியோ?" என்று கேட்டார். "நாளைக்கு நாலு செக்கன் முந்துது" என்றார் அண்ணா. அப்பா சிட்டிசனைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, இரண்டின் செக்கன் முள்ளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல வேலைப்பாடு. செய்தவன் தொழில்காரன்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அண்ணாவின் முகத்தில் அப்போது வந்தது கடைக் கண்ணாடியில் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

வரண்டிக் கடதாசிகள் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. கடையின் பதிவில் தொழில் இன்னும் எஞ்சினியர் என்றுதான் இருக்கும். முதல் சேர்விஸுக்கு நான்தான் கொண்டுபோகவேண்டி வரும். அப்போது அதைத் திருத்தச் சொல்லிக் கேட்பதாக இருக்கிறேன்.